எண்ணாதவர் பெயரில் ஒரு எண்

போன தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போயிருந்தப்ப, சித்தி பொண்ணு பதினோராம் வகுப்பு கெமிஸ்ட்ரி புக்கைத் தூக்கிக்கிட்டு வந்து உட்கார்ந்தா. மோல் கணக்கு. அண்ணன் இன்ஜினியரிங் ஃபைனல் இயர், அவனுக்கு எல்லாம் தெரியும்னு வீட்டில் ஒரு நம்பிக்கை. 36 கிராம் தண்ணீரில் எத்தனை மோல்? 36ஐ 18ஆல் வகுத்தா 2. அதில் எத்தனை மூலக்கூறு? 2ஐ 6.022 × 10²³ ஆல பெருக்கு, முடிஞ்சது. அதுவரைக்கும் கெத்தாத்தான் போச்சு.

அப்புறம் அவ ஒரு கேள்வி கேட்டா. தண்ணீரில் 1 கிராம் ஹைட்ரஜனுக்கு 8 கிராம் ஆக்சிஜன் இருக்குன்னு புக்கிலேயே போட்டிருக்கு. அப்போ ஹைட்ரஜன் 1னா ஆக்சிஜன் 8 தானே வரணும், ஏன் 16ன்னு எழுதுறோம்? தண்ணீரோட ஃபார்முலா ஹெச் டூ ஓ, ரெண்டு ஹைட்ரஜனுக்கு ஒரு ஆக்சிஜன், அதனால 16ன்னு சொன்னேன். சரி, ஹெச் டூ ஓ ன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு கேட்டா. ஆக்சிஜன் 16ங்கிறதால தான்னு சொல்ல வாயைத் திறந்தவன், அப்படியே மூடிக்கிட்டேன். ஒரே வட்டத்தில் சுத்திக்கிட்டிருக்கேன்னு அப்பத்தான் புரிஞ்சது. டீ குடிச்சிட்டு வரேன்னு எழுந்து போயிட்டேன்.

அந்த ராத்திரி உட்கார்ந்து தேடிப் படிச்சப்ப கொஞ்சம் ஆறுதலா இருந்தது. ஏன்னா இதே கேள்வியில் ஐரோப்பாவோட பெரிய பெரிய வேதியியலாளர்கள் எல்லாம் ஐம்பது வருஷம் மாட்டிக்கிட்டு இருந்திருக்காங்க. அதுக்கான விடையை அந்த ஐம்பது வருஷத்தோட தொடக்கத்திலேயே ஒருத்தர் எழுதி வச்சுட்டார். அவர் வேதியியல் படிச்சவரே இல்லை. வக்கீல்.

அவரோட முழுப் பெயர் லொரென்சோ ரொமானோ அமேதியோ கார்லோ அவகாட்ரோ. நம்ம அட்டெண்டன்ஸ் ஷீட்டில் இந்தப் பெயருக்கு மூணு வரி வேணும். 1776 ஆகஸ்ட் 9 அன்று டுரின் நகரத்தில் பிறந்தார். இன்னைக்கு அது வட இத்தாலி. அப்போ இத்தாலின்னு ஒரு நாடே கிடையாது. பீட்மான்ட் பகுதி சார்டினியா அரசரோட ஆட்சியில் இருந்தது, டுரின் அதன் தலைநகர். அவகாட்ரோ குடும்பம் பிரபு குடும்பம், பரம்பரையா சட்டத் துறை. அப்பா ஃபிலிப்போ நீதித்துறையில் பெரிய பதவியில் இருந்தவர். பையன் என்ன படிக்கணும்னு யாரும் யோசிக்கவே தேவையில்லாத வீடு. 1796இல், இருபது வயசிலேயே, திருச்சபைச் சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கிட்டார். உடனே வேலையும் கிடைச்சது.

நாலு வருஷம் அந்த வேலையைப் பார்த்தார். 1800 வாக்கில், கோர்ட் வேலையோட வேலையா, கணக்கும் இயற்பியலும் தனியாப் படிக்க ஆரம்பிச்சார். ஏன்னு தெளிவா எங்கேயும் நான் படிக்கலை. ஆனா இந்த இடத்தில் நம்ம டிபார்ட்மென்ட் பசங்களில் பாதிப் பேருக்கு விளக்கம் தேவைப்படாதுன்னு நினைக்கிறேன். அவர் வேலையை விட்டுட்டு ஓடலை. படிச்சார். 1803இல் அண்ணன் தம்பி ரெண்டு பேரும், அதாவது இவரும் ஃபெலிச்சேவும், மின்சாரம் பற்றி ஒரு கட்டுரை எழுதி டுரின் அறிவியல் கழகத்துக்கு அனுப்பினாங்க. வோல்டாவோட பேட்டரி வந்து மூணு வருஷம்தான் ஆகியிருந்தது, அன்னைக்கு அதுதான் சூடான டாபிக். அடுத்த வருஷமே கழகம் இவரைத் தொடர்பு உறுப்பினரா சேர்த்துக்கிச்சு. 1806இல் டுரினில் ஒரு கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கின பிரபு, முப்பது வயசில் பசங்களுக்கு லேப் காட்டுற வேலைக்குப் போனார். 1809இல் வெர்செல்லிங்கிற ஊரில் இயற்பியல் பேராசிரியர் ஆனார்.

வெர்செல்லி டுரினுக்கும் மிலானுக்கும் நடுவில் இருக்கிற சின்ன ஊர். சுத்தி நெல் வயல். இத்தாலியில் அரிசின்னா அந்தப் பகுதிதான். பாரிஸ், லண்டன், ஸ்டாக்ஹோம்னு வேதியியல் கொதிச்சுக்கிட்டிருந்த எந்த ஊருக்கும் பக்கத்தில் இல்லை. அங்கே உட்கார்ந்துதான் 1811இல் அந்தக் கட்டுரையை எழுதினார்.

அதுக்கு முன்னாடி, அன்னைக்கு நிலைமை என்னன்னு பார்த்துடலாம். அது தெரியலைன்னா அவர் செஞ்சது என்னன்னே பிடிபடாது.

1808இல் இங்கிலாந்தில் ஜான் டால்டன் தன்னோட அணுக் கொள்கையைப் புத்தகமா போட்டார். ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு அணு, ஒவ்வொரு அணுவுக்கும் ஒரு எடை, ஹைட்ரஜனை 1ன்னு வச்சுக்கிட்டு மத்ததை ஒப்பிடலாம். அருமையான யோசனை. ஆனா ஒப்பிடணும்னா ஒரு சேர்மத்தில் எத்தனைக்கு எத்தனை அணு இருக்குன்னு தெரியணும். அது டால்டனுக்குத் தெரியாது, தெரிஞ்சுக்க வழியும் இல்லை. அதனால ஒரு விதி போட்டுக்கிட்டார். ரெண்டு தனிமம் சேர்ந்து ஒரே ஒரு சேர்மம்தான் தெரியும்னா, அது ஒண்ணுக்கு ஒண்ணு. அப்போ தண்ணீர் வெறும் ஹெச் ஓ. அவர் எடை போட்ட கணக்கில் ஆக்சிஜனுக்கு 7 வந்தது. இன்னும் துல்லியமா போட்டிருந்தா 8 வந்திருக்கும். என் சித்தி பொண்ணு சொன்ன அதே 8.

இதை நம்ம பாஷையில் சொல்றேன். நான் மெக்கானிக்கல், எனக்கு ஹார்டுவேர் கடைதான் ஞாபகம் வருது. ஒரு பெட்டி நிறைய போல்ட்டில் நட் மாட்டி வச்சிருக்காங்க. நட் மொத்தம் 1 கிலோ, போல்ட் மொத்தம் 8 கிலோ, இவ்வளவுதான் உங்களுக்குத் தெரியும். ஒரு போல்ட் ஒரு நட்டை விட எத்தனை மடங்கு எடை? ஒரு போல்ட்டுக்கு ஒரு நட்னா 8 மடங்கு. ஒரு போல்ட்டுக்கு ரெண்டு நட்னா 16 மடங்கு. நாலு நட்னா 32. எவ்வளவு நல்ல தராசு இருந்தாலும், எடையை மட்டும் வச்சு இதில் எது சரின்னு சொல்லவே முடியாது. எங்கேயாவது ஒரு இடத்தில் எண்ணியாகணும். அணுவை எண்ண முடியாது. டால்டன் மாட்டின இடம் இதுதான். நான் மாட்டின இடமும்.

அதே 1808 கடைசியில் பாரிஸில் கே-லூசாக் வேற ஒரு விஷயம் சொன்னார். வாயுக்களோட எடையைப் பார்க்காம கன அளவைப் பார்த்தா, எல்லாம் முழு எண் விகிதத்தில் வருது. 2 லிட்டர் ஹைட்ரஜனோட 1 லிட்டர் ஆக்சிஜன் சேர்ந்தா 2 லிட்டர் நீராவி. 3 லிட்டர் ஹைட்ரஜனோட 1 லிட்டர் நைட்ரஜன் சேர்ந்தா 2 லிட்டர் அம்மோனியா. எடையில் எட்டேகால் ஒன்பதரைன்னு வர்ற கணக்கு, கன அளவில் இவ்வளவு சுத்தமா வருதே, ஏன்?

டால்டனுக்கு இது சந்தோஷமான செய்தியா இருந்திருக்கணும். அவர் ஏத்துக்கவே இல்லை. அளவீடே தப்புன்னார். அதுக்கு ஒரு நியாயமும் இருந்தது. சம கன அளவில் சம எண்ணிக்கை துகள் இருக்குன்னு வச்சுக்கிட்டா, 1 பங்கு ஆக்சிஜனில் இருந்து 2 பங்கு நீராவி எப்படி வரும்? ஒவ்வொரு நீராவித் துகளுக்கும் அரை ஆக்சிஜன் அணுதான் கிடைக்கும். அணுவை வெட்ட முடியாதுங்கிறதுதானே அவரோட முழுக் கொள்கையும். இன்னொரு சிக்கலும் இருந்தது. ஆக்சிஜனோட ஹைட்ரஜனும் சேர்ந்தா துகள் கனமாகணும். ஆனா நீராவி ஆக்சிஜனை விட லேசா இருக்கு.

இங்கேதான் வெர்செல்லிப் பேராசிரியர் வர்றார். அவர் சொன்னது ரெண்டு விஷயம். ஒண்ணு, நம்ம எல்லாருக்கும் மனப்பாடம்: ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தத்தில், எந்த வாயுவா இருந்தாலும் சம கன அளவில் சம எண்ணிக்கை மூலக்கூறு. போல்ட் கடையில் இது நடக்காது. ஒரே சைஸ் பெட்டியில் பெரிய போல்ட் கொஞ்சம், சின்ன போல்ட் நிறைய. ஆனா வாயுவில் துகளோட சைஸை விட நடுவில் இருக்கிற இடைவெளி ரொம்பப் பெருசு, அதனால துகள் சின்னதா பெருசாங்கிறது கணக்கிலேயே வராது. இப்போ பாருங்க, எண்ணாமலேயே எண்ணிக்கை கைக்கு வந்துடுச்சு. எத்தனைன்னு தெரியாது, ஆனா ரெண்டு பெட்டியிலும் ஒரே எண்ணிக்கைன்னு தெரியும். ஒரு பெட்டி ஹைட்ரஜனை எடை போடு, ஒரு பெட்டி ஆக்சிஜனை எடை போடு, ரெண்டையும் வகு. அதுதான் ஒரு மூலக்கூறுக்கு ஒரு மூலக்கூறு எடை விகிதம். அன்னைக்குக் கிடைச்ச அடர்த்தி அளவுகளை வச்சு அவர் போட்ட கணக்கில் ஆக்சிஜன் ஹைட்ரஜனைப் போல சுமார் 15 மடங்கு. இன்னைக்கு அது கிட்டத்தட்ட 16. அளவீடுதான் கொஞ்சம் பிசகு, வழி சரி.

ரெண்டாவது விஷயம்தான் உண்மையிலேயே துணிச்சலானது. அந்தப் பாதி ஆக்சிஜன் பிரச்சினைக்கு அவர் சொன்ன பதில்: தனிமமா இருக்கிற வாயுவோட துகள் ஒரே அணுவா இருக்கணும்னு யார் சொன்னது? ஆக்சிஜன் துகளே ரெண்டு பாதி சேர்ந்ததா இருக்கலாம். வினை நடக்கும்போது அது ரெண்டா பிரியுது, ஒவ்வொரு பாதியும் ஒரு நீராவித் துகளுக்குப் போகுது. அம்மோனியாவில் பாருங்க, 3 பெட்டி ஹைட்ரஜன் 2 பெட்டி அம்மோனியாவுக்குப் பிரிஞ்சு போகணும், ஒண்ணரை ஒண்ணரை. அப்போ ஹைட்ரஜனும் ரெண்டு பாதிதான். நீராவி ஏன் ஆக்சிஜனை விட லேசுங்கிறதுக்கும் இதிலேயே விடை இருக்கு. ஆக்சிஜன் மூலக்கூறு 32, அதில் பாதி 16 போய் ஹைட்ரஜன் 2 சேர்ந்தா 18. லேசாத்தானே இருக்கும்.

நான் இங்கிலீஷ் மீடியம். ஆட்டம், மாலிக்யூல் ரெண்டையும் இங்கிலீஷில் படிச்சப்ப அது ரெண்டு தனித்தனி டெஃபனிஷன், ரெண்டு மார்க், அவ்வளவுதான். ஹாஸ்டலில் தமிழ் மீடியத்தில் படிச்சுட்டு வந்த ரூம்மேட் மூலக்கூறுன்னு சொன்னப்ப, கூறுன்னா பங்கு, துண்டுன்னு விளக்கினான். அந்த வித்தியாசத்தை முதல் தடவை தெளிவா பிரிச்சது இந்த 1811 கட்டுரைதான். ஆனா அவகாட்ரோ அதில் அணுங்கிற சொல்லையே பயன்படுத்தலை. எல்லாமே மூலக்கூறுதான். முழு மூலக்கூறு, தனிம மூலக்கூறு, அடிப்படை மூலக்கூறுன்னு வேற வேற அடைமொழி போட்டு எழுதியிருக்கார். படிக்கிறவங்களுக்குத் தலை சுத்தும்.

தண்ணீருக்கு வருவோம். 2 பெட்டி ஹைட்ரஜன், 1 பெட்டி ஆக்சிஜன். எண்ணிக்கையில் ரெண்டுக்கு ஒண்ணு. ரெண்டுமே ஜோடி ஜோடியா இருக்கிறதால அணுக் கணக்கிலும் ரெண்டுக்கு ஒண்ணு. அதனால ஹெச் டூ ஓ. அதனால 16. வட்டம் உடைஞ்சது.

கட்டுரை பாரிஸில் ஒரு இயற்பியல் இதழில் பிரெஞ்சு மொழியில் வந்தது. பீட்மான்ட்டை நெப்போலியன் பிரான்ஸோட சேர்த்திருந்த காலம் அது. வெளியானது, அவ்வளவுதான். யாரும் எதிர்த்துக்கூட எழுதலை. எதிர்த்திருந்தா பரவாயில்லை, கண்டுக்கவே இல்லை.

எல்லாப் பழியையும் மத்தவங்க மேல போடுறது நியாயம் இல்லைன்னு எனக்குத் தோணுது. அவர் எழுத்து கடினம். புதுசா எந்தப் பரிசோதனையும் அவர் செய்யலை, மத்தவங்க அளவீட்டை வச்சே வாதம் பண்ணினார். வாயுக்களோட நிறுத்தியிருக்கலாம், வாயுவா மாத்தவே முடியாத உலோகங்களுக்கும் ஊகமா எண்களை நீட்டிட்டார், அதில் பல தப்பு. வெளிநாட்டு விஞ்ஞானிகளோட நெருங்கின பழக்கமும் குறைவு. 1814இல் ஆம்பியர், ஆமாம் அந்த ஆம்பியர்தான், தனியா இதே மாதிரி ஒரு கருத்தை எழுதினார். ரொம்பப் பிரபலமானவர். அவர் சொல்லியும் எடுபடலை.

பெரிய தடை ஸ்வீடனில் இருந்தது. பெர்சீலியஸ். அன்னைக்கு வேதியியலில் அவர் வச்சதுதான் சட்டம். அணுக்கள் சேர்றதே நேர் மின்சாரமும் எதிர் மின்சாரமும் இழுக்கிறதாலதான்ங்கிறது அவர் கொள்கை. அப்படின்னா ஆக்சிஜனும் ஆக்சிஜனும் ஒரே வகை மின்சாரம், ஒண்ணை ஒண்ணு தள்ளத்தானே செய்யும், எப்படி ஜோடி சேரும்? இதில் ஒரு வேடிக்கை, பெர்சீலியஸ் கன அளவை நம்பினவர், தண்ணீருக்கு ரெண்டு ஹைட்ரஜன்னு சரியாத்தான் எழுதினார். ஆனா ஜோடி மூலக்கூறை மட்டும் ஏத்துக்கலை. ஒரே தனிமத்தோட ரெண்டு அணு ஏன் சேருதுங்கிறதுக்குச் சரியான விளக்கம் குவாண்டம் இயற்பியல் வந்தப்புறம், 1920கள்லதான் கிடைச்சது. அதனால அவரை முட்டாள்னு சொல்ல முடியாது. 1826க்கு அப்புறம் பிரான்ஸில் டூமா ஆவி அடர்த்தி அளந்து இந்த வழியைச் சோதிச்சுப் பார்த்தார். பாதரசம், பாஸ்பரஸ், கந்தகம் எல்லாமே எசகுபிசகா வந்தது. பாதரச ஆவி ஒற்றை அணு, பாஸ்பரஸ் நாலு அணு, கந்தகம் இன்னும் அதிகம். எல்லாத் தனிமமும் ஜோடிதான்னு நினைச்சுக் கணக்குப் போட்டா சொதப்பும். டூமா கையை விரிச்சுட்டார்.

அவகாட்ரோ வாழ்க்கை இதுக்கு நடுவில் அது பாட்டுக்குப் போச்சு. ஃபெலிசிட்டா மாட்செங்கிற பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார், ஆறு பிள்ளைகள். 1819இல் டுரின் கழகத்தில் முழு உறுப்பினர். 1820இல் டுரின் பல்கலைக்கழகத்தில் கணித இயற்பியலுக்குப் புதுசா ஒரு பேராசிரியர் பதவி உருவாக்கி அவரை உட்கார வச்சாங்க. அடுத்த வருஷமே பீட்மான்ட்டில் அரசருக்கு எதிரா கிளர்ச்சி. மாணவர்களும் இறங்கினாங்க. கிளர்ச்சியை அடக்கினதும் பல்கலைக்கழகம் மேல கை வச்சாங்க, அந்தப் பதவியே போச்சு. பத்து வருஷம் கழிச்சு, 1832இல் மறுபடி அந்தப் பதவியைத் தொடங்கினப்பவும் முதலில் கொடுத்தது அவருக்கு இல்லை, பிரான்ஸில் இருந்து வந்திருந்த கணித மேதை கோஷிக்கு. நம்ம எம்-2 பேப்பரில் காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸில் வர்ற அதே கோஷி. அவர் கிளம்பினப்புறம் 1834இல் அவகாட்ரோவுக்குத் திரும்பக் கிடைச்சது. 1850இல் ஓய்வு பெறுற வரைக்கும் அங்கேதான். நாலு பாகத்தில் பொருள்களோட இயற்பியல் பற்றிப் பெரிய புத்தகம் எழுதினார். வானிலை, புள்ளியியல், எடை அளவுகள்னு அரசாங்கக் கமிட்டிகளில் வேலை பார்த்தார். மெட்ரிக் முறையை பீட்மான்ட்டில் கொண்டுவந்ததில் அவருக்குப் பங்கு உண்டு.

1856 ஜூலை 9, எண்பது வயசுக்கு ஒரு மாசம் குறைவு, டுரினிலேயே இறந்தார். 1811 கட்டுரை வந்து 45 வருஷம். அது சரிங்கிறதை வேதியியல் உலகம் ஒத்துக்கிட்டதை அவர் பார்க்கலை. படிக்கும்போது இந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்திட்டேன். கொடுமை நடந்ததுன்னு இல்லை. பதவி இருந்தது, மரியாதை இருந்தது, குடும்பம் இருந்தது. தன் வாழ்க்கையில் சொன்ன மிக முக்கியமான ஒரு விஷயத்துக்கு மட்டும் பதிலே வரலை.

இதனால வேதியியலுக்கு என்ன நஷ்டம்னு கேட்கலாம். ஒரு உதாரணம் போதும். ஹெச் ஓ ன்னு எழுதுறவங்களுக்கு ஆக்சிஜன் 8, கார்பன் 6. ஹெச் டூ ஓ ன்னு எழுதுறவங்களுக்கு 16, 12. சிலர் ஒண்ணுக்கு இது, இன்னொண்ணுக்கு அது. நம்ம 36 கிராம் தண்ணீரை முதல் ஆள் 9ஆல் வகுத்து 4ன்னு சொல்வார், ரெண்டாவது ஆள் 18ஆல் வகுத்து 2ன்னு சொல்வார். ரெண்டு பேர் லேப் நோட்டிலும் எடை சரியாத்தான் இருக்கும். 1861இல் கெக்குலே தன் பாடப்புத்தகத்தில் அசிட்டிக் அமிலத்துக்கு மட்டும் அன்னைக்குப் புழக்கத்தில் இருந்த 19 ஃபார்முலாவை வரிசையா அச்சடிச்சுக் காட்டினார். நம்ம வீட்டு வினிகர். அதுக்கு 19!

இது தாங்க முடியாமத்தான் 1860 செப்டம்பர் 3 முதல் 5 வரைக்கும் ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூஹே நகரத்தில் ஒரு மாநாடு கூட்டினாங்க. சுமார் 140 வேதியியலாளர்கள் வந்தாங்க. வேதியியலுக்குன்னு நடந்த முதல் சர்வதேச மாநாடு. அதுக்கு இத்தாலியில் இருந்து ஸ்டானிஸ்லாவ் கன்னிசாரோன்னு ஒருத்தர் வந்தார். சிசிலிக்காரர், 34 வயசு. 1848இல் சிசிலிக் கிளர்ச்சியில் கலந்துக்கிட்டு, அது தோத்ததும் பிரான்ஸுக்குத் தப்பி ஓடினவர். பின்னாடி ஜெனோவாவில் பேராசிரியர் ஆனார். அங்கே தன் மாணவர்களுக்கு அணு எடையை எப்படிப் பாடம் எடுக்கிறார்ங்கிறதை 1858இல் ஒரு நண்பருக்குக் கடிதமா எழுதி அச்சடிச்சிருந்தார். அவ்வளவு பெரிய குழப்பத்துக்கான மருந்து, ஒரு வாத்தியாரோட கிளாஸ் நோட்ஸ்.

அதில் அவர் செஞ்சது இதுதான். அவகாட்ரோ வழியில் வாயு அடர்த்தியை வச்சு மூலக்கூறு எடையைக் கண்டுபிடி. அதில் கார்பன் எத்தனை சதவீதம்னு பகுப்பாய்வில் தெரியும், பெருக்கிக்கோ. மீத்தேன் 16, அதில் 75 சதவீதம் கார்பன், அப்போ 12. கார்பன் மோனாக்சைடு 28, அதில் சுமார் 43 சதவீதம், 12. கார்பன் டை ஆக்சைடு 44, அதில் சுமார் 27 சதவீதம், 12. எத்திலீன் 28, அதில் சுமார் 86 சதவீதம், 24. ஈதர் 74, அதில் சுமார் 65 சதவீதம், 48. எத்தனை சேர்மம் எடுத்தாலும் 12, 24, 36, 48ன்னுதான் வருது, 6 வரவே இல்லை, 18 வரவே இல்லை. அப்போ கார்பன் அணு 12. கால்குலேட்டர் பக்கத்தில் இருந்தா நீங்களே போட்டுப் பாருங்க, ரெண்டு நிமிஷம்தான். பாதரசம் மாதிரி தகராறு பண்ற தனிமங்களுக்கும் இதே முறைதான். பாதரசச் சேர்மங்களில் இருந்து அணு எடையைத் தனியா கண்டுபிடிச்சு, வெப்ப ஏற்புத்திறனை வச்சுச் சரிபார்த்தா, பாதரச ஆவி ஒற்றை அணுங்கிறது தெரிஞ்சுடும். டூமாவை மிரட்டினது அவ்வளவுதான்.

மாநாட்டில் கன்னிசாரோ உணர்ச்சியாப் பேசினார். முடிவு எதுவும் எடுக்கலை. அறிவியல் கேள்விக்கெல்லாம் ஓட்டுப் போட முடியாதுன்னு கலைஞ்சாங்க. கிளம்புற நேரத்தில் அவரோட நண்பர் ஆஞ்செலோ பவேசி அந்தக் கடிதத்தோட பிரதிகளைக் கையில் கையில் கொடுத்தார். லோதர் மேயர்ங்கிற ஜெர்மன்காரர் வாங்கிப் பையில் வச்சுக்கிட்டு, ஊருக்குப் போற வழியில் படிச்சார், திரும்பத் திரும்பப் படிச்சார், கண் முன்னாடி இருந்த திரை விலகின மாதிரி இருந்ததுன்னு பின்னாடி எழுதி வச்சிருக்கார். கூட்டத்தில் 26 வயசு ரஷ்யர் ஒருத்தரும் இருந்தார், மெண்டலீவ். அணு எடை சரியா இல்லாம தனிமங்களை எப்படி வரிசைப்படுத்த முடியும்? சரியான எடைகள் கிடைச்சு ஒன்பது வருஷத்தில், 1869இல், ஆவர்த்தன அட்டவணை வந்தது.

இப்போ அந்த எண்ணுக்கு வரேன். முதல் வருஷ கெமிஸ்ட்ரி லேப் வைவாவில் அவகாட்ரோ எண்ணைக் கண்டுபிடிச்சது யார்னு கேட்டதுக்கு, அவகாட்ரோ சார்னு நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவன் நான். கேட்டவர் சிரிச்சுக்கிட்டே அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டார். ஏன் சிரிச்சார்னு மூணு வருஷம் கழிச்சுத்தான் தெரியுது. அவகாட்ரோ சம எண்ணிக்கைன்னார், எத்தனைன்னு சொன்னதே இல்லை. அவருக்கு அது தேவையும் படலை. மோல்ங்கிற சொல்லே அவர் காலத்தில் கிடையாது, 1890களில் ஜெர்மனியில் ஆஸ்ட்வால்ட் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. அந்த ஆஸ்ட்வால்டுக்கு ரொம்ப நாள் அணு இருக்குங்கிறதிலேயே நம்பிக்கை இல்லைங்கிறது தனிக் கதை.

1865இல் ஆஸ்திரியாவில் லோஷ்மிட் காற்று மூலக்கூறோட சைஸை முதல் தடவை மதிப்பிட்டார். அதிலிருந்து எண்ணிக்கைக்கும் வழி கிடைச்சது. 1908, 1909இல் பாரிஸில் ஜீன் பெரின் ஒரு மரப்பிசினைக் கரைச்சு, ஒரே சைஸ் நுண்மணிகளாப் பிரிச்சு, தண்ணீரில் விட்டு, எந்த உயரத்தில் எத்தனை மணி மிதக்குதுன்னு மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொண்ணா எண்ணினார். மலை மேல போகப் போகக் காற்று குறையுற அதே கணக்கு, இங்கே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஆழத்தில். அதிலிருந்து அவருக்கு வந்த விடை சுமார் 7 × 10²³. 1909இல் அந்த எண்ணுக்கு அவகாட்ரோ பெயரை வச்சதும் அவர்தான். 1926இல் பெரினுக்கு நோபல் கிடைச்சது.

2019 மே 20ஆம் தேதியில் இருந்து அந்த எண்ணை யாரும் அளக்க வேண்டாம். 6.02214076 × 10²³, சரியா அவ்வளவுதான்னு விதியாவே வச்சுட்டாங்க, மோலுக்கு இப்போ அதுதான் வரையறை. அதுக்கு முன்னாடி சிலிக்கானில் ஒரு கிலோ உருண்டையைக் கிட்டத்தட்டக் குறையே இல்லாத கோளமாச் செதுக்கி, எக்ஸ்-ரே வச்சு அதில் எத்தனை அணுன்னு கணக்கெடுத்தாங்க. போல்ட் பெட்டியைக் கடைசியில் எண்ணியே முடிச்சுட்டாங்க.

சித்தி பொண்ணுக்கு இதை எல்லாம் பன்னிரண்டு நிமிஷ வாய்ஸ் மெசேஜா அனுப்பினேன். ஒண்ணரை மடங்கு ஸ்பீடில் கேட்டிருப்பா போல, எட்டாவது நிமிஷத்தில் பதில் வந்துடுச்சு. ஒரு பெட்டி, ரெண்டு பெட்டி வரைக்கும் புரிஞ்சதாம், பரீட்சைக்கு அது போதுமாம். அதுக்குக் கீழே ஒரு படமும் அனுப்பியிருந்தா, எங்கேயோ தேடி எடுத்தது. அவகாட்ரோ இறந்து நூறு வருஷம் ஆனதுக்கு 1956இல் இத்தாலி வெளியிட்ட தபால் தலை, 25 லிரா. அதில் அவர் படமும், சம கன அளவு சம மூலக்கூறுங்கிற அந்த விதியும் இருக்கு. எண் இல்லை.